வலைக்காரர் வெட்டிய சதுரம்

கிழிந்த துணியைச் சரியாக்குவதில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதையும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு குலசேகரத்தில் ரப்பர் பால் எடுத்தேன், பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் தொப்பி விற்றேன், திருப்பூரில் பனியன் மடித்தேன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு சலவைக் கடையில் கொஞ்ச காலம் கிடந்தேன். சிகரெட் சுட்ட கோட்டு, எலி கடித்த பட்டுவேட்டி எல்லாம் அங்கே வரும். கிழிசலில் இழை ஓட்டி மூடுகிற டார்னிங் வேலை செய்கிறவன் குடிகாரன். அவன் வராத நாட்களில் ஊசி என் கைக்கு வந்தது. கெடுத்துக் கெடுத்துப் பழகினேன். கெடுத்ததற்கு அடியும் வாங்கினேன், கடைக்காரரிடம் அல்ல, துணிக்குச் சொந்தக்காரர்களிடம்.

குளச்சலுக்குப் பக்கத்தில் பஞ்சுப் போர்வை தைக்கும் கொட்டகையில் சேர்ந்தது அதற்கும் பிறகு. முன்பு தேங்காய் மட்டையை அடித்துத் தும்பு எடுத்த இடம். எவ்வளவு கூட்டினாலும் சுவர் இடுக்கிலிருந்து தும்புத் தூசி விழுந்துகொண்டே இருக்கும். முதலாளி ஒரு பெண். குவைத்தில் தையல் கடையில் வேலை பார்த்துத் திரும்பியவர். திருப்பூரிலிருந்து வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக வரும். நிறம் பிரித்து, சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து மேல்முகம் ஆக்குவோம். அதற்கடியில் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் முதுகுத்துணி. மூன்றும் நகராமல் இருக்க மேலிருந்து கீழே வரிவரியாகத் தையல். முதலாளி இதைக் குயில்ட் என்பார். நாங்கள் போர்வை என்போம். குளிர்நாட்டுக்குப் போகிற சாமான். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் ஆள் வெந்துபோவான்.

வேலை செய்தவர்கள் ஏழெட்டுப் பெண்கள். ஆண் நான் ஒருவன். மூட்டை இறக்குவேன், மிஷினுக்கு எண்ணெய் விடுவேன், யாராவது துணியைக் கெடுத்தால் சரியாக்குவேன். போர்வை தைக்கும்போது துணி கெடுவதற்கு வழிகள் நிறைய. அடியில் மடிந்து கிடக்கும் துணியையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அதைப் பிளேடு வைத்துப் பிரிக்கும்போது துணியும் சேர்ந்து போகும். இஸ்திரிப்பெட்டி சுடும். ஒடிந்த ஊசி இழையை இழுத்துக்கொண்டு போகும். விரலில் குத்தி ரத்தம் சொட்டும். ரத்தத்துக்கு அவரவர் எச்சில் போதும், காயும் முன்பே துப்பித் துடைத்தால் போய்விடும். மற்றதற்கு என்னைக் கூப்பிடுவார்கள்.

இரண்டாவது ஆணாக வந்தவர் வலைக்காரர். கொட்டகையில் மிஷின் ஓட்டிய ஓர் அக்காவின் புருஷன். நல்ல உயரம். விசைப்படகில் வலை இழுக்கும்போது கயிறு சுற்றும் வின்ச்சில் ஓடிய வடம் அறுந்து வலது தோளில் அடித்திருந்தது. எலும்பு கூடியது, கை பழையபடி ஏறவில்லை. கடலுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்து வலை கட்டினார். முடிச்சை இழுத்து இறுக்கத் தோளில் பலம் இல்லை. அவர் கட்டிய முடிச்சுகள் கடலில் அவிழ்ந்தன. அவரை வேலைக்கு வைத்திருந்தவர்கள் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஐஸ் கம்பெனியில் போய்க் கேட்டார். அங்கே சிரித்தார்கள்.

கடைசியாக மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றாள்.

"அக்கா, வீட்டுல இருந்து இருந்து சொவரப் பாத்துப் பேசுகாரு. ஒரு மூலைல இருந்து நூலு வெட்டட்டும்."

"ஆம்பிளைக்கு இங்க என்ன வேல? இருக்கவனே தூங்கி விழுகான்," என்று முதலாளி என்னைக் காட்டினார்.

"இதுவும் ஆகல்லன்னா மருமகனுக்க கோழிப்பண்ணைக்குத்தான் அனுப்பணும் அக்கா."

அந்தக் கோழிப்பண்ணை அருமனைப் பக்கம். மருமகன் ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சோறும் தருவதாகச் சொல்லியிருந்தான். காவல் காக்க வேண்டும், எச்சம் வார வேண்டும். கல்யாணத்தின்போது ஏதோ சண்டை. அதிலிருந்து மாமனார் வந்தால் அவன் எழுந்து நிற்கமாட்டான். ஒரு நாள் டீ குடிக்கும்போது வலைக்காரர் என்னிடம் சொன்னார்: "அவனுக்க கையால சோறு வாங்கித் திங்கதுக்கு, அந்தக் கயிறு தலையிலேயே அடிச்சிருக்கலாம் மக்கா." சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார்.

அவருக்கு இந்தக் கொட்டகை மூலைதான் மிச்சம். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் அவரிடம் பதவிசாக நடந்துகொள்ளவில்லை. போக வேறு இடம் இல்லாத ஆளிடம் எதற்கு மரியாதை என்று மனிதர்களுக்குத் தானாகவே தோன்றிவிடும் போலிருக்கிறது. நான் வேலை பார்த்த எல்லா இடங்களிலும் அப்படித்தான் இருந்தது.

முதல் வாரமே அவருடைய கைகள் தொந்தரவாகிவிட்டன. கயிறும் உப்பும் தின்ற கை. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. வழவழப்பான துணியைத் தொட்டால் இழை மாட்டி வெளியே வந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். துணியில் எண்ணெய்க் கறை. முதலாளி அவரை முற்றத்துத் துவைக்கிற கல்லுக்கு அனுப்பினார்.

"கைய அதுல நல்லா உரசிட்டு வாரும். மழமழன்னு ஆன பொறவு உள்ள வந்தாப் போதும்."

அவர் போய் உரசினார். சோப்புத்தூளைப் போட்டுக் கல்லில் உள்ளங்கையைத் தேய்க்கும் சத்தம் கொட்டகைக்குள் கேட்டது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, ஒன் மாப்பிள கைய வெளக்குகாரா, பானைய வெளக்குகாரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பானைன்னா பளபளன்னு ஆவும். இது என்னைக்கும் ஆவாது," என்றாள் அவர் மனைவி. அவளும் சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்தால் மற்றவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்கள்.

திரும்பி வந்தபோது விரல் கணுக்களில் தோல் போய்ச் சிவந்திருந்தது. அன்று முழுக்க அவர் தொட்ட துணியில் புள்ளி புள்ளியாக ரத்தம். எச்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். அதற்கும் ஒருத்தி ஏதோ சொன்னாள். தினமும் காலையில் கல்லில் உரசிவிட்டு வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கை மெதுவாக ஒருவிதமாய்ப் படிந்து வந்தது. நூல் முனைகளை ஒட்ட வெட்டுவதில் அவர் சுத்தம். தைக்கும்போது துணியை ஒரே இழுப்பில் பிடித்துக் கொடுப்பதிலும் அவருக்கு இணை யாரும் இல்லை. ஆனால் அதற்காக யாரும் சம்பளம் தருவதில்லை.

அந்தச் சமயத்தில் கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி ஒரே ஒரு போர்வையை மாதிரிக்குக் கேட்டது. சோபாவில் போட்டுக்கொள்கிற அளவு. பிடித்திருந்தால் வருஷம் முழுக்க வேலை. நீலமும் வெள்ளையும் கலந்து முதலாளியே கணக்குப் போட்டு அடுக்கினார். நடுவில் பூ இல்லாத கருநீலச் சதுரங்கள். தைத்து முடித்துத் துவைத்தும் ஆயிற்று. துவைத்தால்தான் தையல் வரிகளுக்கு நடுவே துணி லேசாகச் சுருங்கிப் பார்க்க நன்றாக இருக்கும், அந்தக் கம்பெனிக்கு அதுதான் வேண்டும். மறுநாள் மத்தியானம் கூரியரில் அனுப்ப வேண்டும்.

அனுப்புவதற்கு முந்தின நாள் காலை முதலாளி அதை மேசையில் விரித்து, மிஞ்சிய நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். துபாயிலிருக்கும் மகனோடு சண்டை. கத்தரி முனை நடுச்சதுரத்தில் மாட்டியது. ஓர் அரிசி நீளம். போனைத் துண்டித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

பார்த்தேன். மேல்துணியில் நாலைந்து இழைதான் அறுந்திருந்தது. பஞ்சுக்குச் சேதம் இல்லை.

"அடியில சூடு பட்டா ஒட்டுத கேன்வாஸ் ஒரு துண்டு விட்டு இஸ்திரி போட்டு, மேல நாலு இழை ஓட்டினா ஒருத்தனும் கண்டுபிடிக்கமாட்டான்," என்றேன்.

"அப்ப செய்யி."

"இந்த நீலத்துக்கு நூலு இல்ல. கோட்டாறு போயிட்டு வந்து செய்யுகேன். அதுவரைக்கும் யாரும் தொடாண்டாம்."

பஸ் பிடித்துக் கோட்டாறு போய், நாலு கடை ஏறி, துணியின் விரல் அகலம்கூட இல்லாத ஓரத்துண்டை வெயிலில் வைத்துப் பார்த்து நூல் வாங்கினேன். திரும்பி வரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கொட்டகையில் மிஷின் எதுவும் ஓடவில்லை. மேசையைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள்.

போர்வையின் நடுவிலிருந்த கருநீலச் சதுரத்துக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் இல்லை. வெள்ளைப் பஞ்சு தெரிந்தது.

வெட்டு பார்க்க அழகாகவே இருந்தது. நாலு பக்கமும் இழை பிடித்து, கோணல் இல்லாமல், அளவுகோல் வைத்தது போல நேராக வெட்டியிருந்தது. தற்செயலாய்ப் பட்ட வெட்டு அல்ல என்பது பார்த்ததுமே தெரிந்தது. வலைக்காரர் மேசையின் அந்தப் பக்கம் நின்றார். கையில் கத்தரி. இடது கையில், வெட்டிய துண்டின் ஓரத்திலிருந்து உருவிய கருநீல இழைகளைத் தனித்தனியாக வகிர்ந்து, நெடுக்கு வேறு குறுக்கு வேறாகப் பிரித்து வைத்திருந்தார்.

"என்ன செஞ்சீரு?" என்று கேட்டேன்.

"சுத்தமாக்கினேன் மக்கா. பிஞ்ச எடத்துல அப்பிடியே கெட்டினா நிக்காது. ஒடஞ்ச நூல வெட்டிக் களையணும். நல்ல கண்ணி வருத வரைக்கும் வெட்டணும். பொறவு அங்கேருந்து கெட்டிக்கிட்டு வரணும்."

"இதுல கண்ணி எங்க இரிக்கு?"

"குறுக்கயும் நெடுக்கயும் நூலு இரிக்கில்லா? வலைய விடக் கொஞ்சம் பொடிசு. அவ்வளவுதான்."

வலையைச் சரியாக்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கிழிந்த இடத்தை முதலில் பெரிதாக வெட்டுவார்கள். அறுந்த கண்ணிகளின் மிச்சங்களை நீக்கி, உறுதியான ஒரு கண்ணியில் தொடங்கி, வரிசை வரிசையாகப் புதிதாக முடிந்து மூடுவார்கள். கடற்கரையில் நின்று நானே பார்த்திருக்கிறேன். ஒரு முழக் கிழிசல் இரண்டு முழமாகி, பிறகு இல்லாமல் போகும். நாற்பது வருஷம் அதைச் செய்த கைக்குக் கிழிசலைக் கண்டதும் கத்தியை எடுக்கத்தான் தெரியும். அவர் போர்வையைக் கெடுக்கவில்லை, பாதி வேலையை முடித்திருந்தார். மீதிப் பாதி துணியில் கிடையாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

"வலைக்காரண்ணன் திமிங்கலம் போறதுக்கு வழி விட்டிருக்காரு," என்றாள் ஒருத்தி.

"மீனு ஏதும் கெடைச்சா அண்ணே? கொழம்பு வைக்கலாம்."

சிரிப்பு அடங்குவதற்குள் முதலாளி உள்ளே வந்தார். பார்த்தார். பிறகு சத்தம் போடாமல் கேட்டார்.

"ஆரு இவர இதத் தொடச் சொன்னது?"

"நீங்கதாம்மா சொன்னீங்க," என்றார் வலைக்காரர். "வல கெட்டுத கைதானே, இத ஒண்ணு சரியாக்கும், அவன் வர நேரம் வைகும்னு சொல்லிட்டுப் போனீங்க."

"நானா? நூலு வெட்டச் சொன்னேன். துணிய வெட்டச் சொன்னேனா? கேட்டியளாட்டி நீங்க ஆராவது?"

ஏழெட்டுப் பேர். எல்லோரும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி பாபினை எடுத்து நூல் சுற்ற ஆரம்பித்தாள். இன்னொருத்தி முற்றத்தில் துணி காய்கிறதா என்று பார்க்கப் போனாள். வலைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள்.

"வாய மூடும். செஞ்சதும் பத்தாது, எதுத்துப் பேச வேற வந்துட்டீரு."

அவர் வாயை மூடினார். காலையில் கத்தரி பட்ட அந்த அரிசி நீளத்தைப் பற்றி அதன்பிறகு அந்தக் கொட்டகையில் ஒருவரும் பேசவில்லை. அது இருந்த இடமே வெட்டுண்டு போய்விட்டது. முழு ஓட்டையும் அவருடையதாயிற்று.

நான் முதலாளியிடம் போனேன். "சரியாக்கலாம். அந்தச் சதுரம் முழுசையும் புதுத்துணி போட்டு மூடணும். அதே நீலம் வேணும்."

"அந்த மூட்டை தீந்து போச்சு."

"துணி கெடைச்சா நான் முடிச்சிருவேன். அவரு இங்கேயே இருக்கட்டும்."

"நீ மொதல்ல போர்வைய எனக்குத் தா. பொறவு ஆளப் பத்திப் பேசலாம்."

அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். வலைக்காரரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர் மனைவியும்.

மூட்டைகளை எல்லாம் கொட்டித் தேடினோம். அந்தக் கருநீலம் இல்லை. ஒரே ஒரு துண்டு இருந்தது, அது வலைக்காரர் மனைவி சோற்றுப் பாத்திரம் கொண்டுவருகிற பை. பழைய வெட்டுத்துணியில் அவளே தைத்தது. அவள் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பையை என் மடியில் எறிந்தாள்.

"இத வச்சு முடியுமான்னு பாரு."

முடியும். புதுத்துணியாக இருந்திருந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுத்திருக்கும். துவைத்துத் துவைத்து வெளுத்த பை, துவைத்த போர்வையோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. ஏறக்குறையதான். மீன்குழம்பு வாசனை போக இரண்டு தடவை சோப்பில் அலசி, வெயிலில் போட்டு, ஈரத்தோடேயே இஸ்திரி போட்டேன். வலைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை.

முதலில் அந்தச் சதுரத்தின் மேல் ஓடிய தையல் வரிகளைப் பிளேடால் பிரித்தேன். முதுகுத்துணியில் பழைய ஊசிக்குழிகள் தெரிய வேண்டும், அவை மூடிப் போனால் வரி கோணும். ஓட்டைக்குள் குழி விழாமல் இருக்க, அவர் வெட்டி எடுத்த துண்டையே திரும்ப அதே இடத்தில் வைத்தேன். புதுச்சதுரத்தின் ஓரங்களை ஓர் அட்டையின் மேல் மடித்து இஸ்திரி போட்டு, அட்டையை உருவிவிட்டு, பழைய சதுரத்தின் மேல் தையலுக்குத் தையல் சரியாக வைத்துக் குண்டூசி குத்தினேன். நாலு ஓரமும் எம்மிங். துணியின் ஒரே ஓர் இழையை ஊசி முனையால் தொட்டு, மடிப்புக்குள் ஓட்டி, அடுத்த இழை. இழுக்கக் கூடாது. இழுத்தால் சுருங்கும்.

"துணியப் பிடியும்," என்றேன்.

பிடித்தார். பிடித்த பிடி அசையவில்லை.

"வெட்டாம எப்பிடி மக்கா நிக்கும்?"

"நிக்காண்டாம். மூடினாப் போதும்."

"உள்ள கெடந்து அது பெருசாவுமே."

"ஆவும். அதுக்குள்ள அவனுவ இதத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிருவானுவ."

அவர் அதை யோசித்தார். "அப்ப இது சரியாக்குதது இல்ல. மறைக்கது," என்றார்.

"ஆமா."

சாயங்காலம் வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்தோம். காலையில் வந்து, பழைய குழிகளிலேயே ஊசியை இறக்கி ஏற்றி, மூன்றடுக்கையும் சேர்த்துத் திரும்ப வரி போட்டேன். மிஷினில் போட்டால் தொடங்கிய இடம் தெரியும், அதனால் கையால்தான். நூல் முனைகளை முடிந்து பஞ்சுக்குள் இழுத்து விட்டேன். கடைசியில் ஈரத்துணியால் ஒற்றி, மிச்சக் குழிகள் மூட நகத்தால் தடவினேன்.

முதலாளி வந்து போர்வை மேல் உள்ளங்கையை ஓட்டினார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. எல்லோரையும் கூப்பிட்டார்.

"எங்க, கண்டுபிடிங்கட்டி பாப்போம்."

அது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஒருத்தி மோந்து பார்த்தாள். தப்பான சதுரத்தைக் காட்டியவளை மற்றவர்கள் கூச்சலிட்டுத் தள்ளினார்கள். கொட்டகையில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கடைசியில் முதலாளி வலைக்காரரைக் கூப்பிட்டார்.

"வெட்டின ஆளு நீருதானே. காட்டும்."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு சதுரத்தில் விரலை வைத்தார், எடுத்தார், பக்கத்துச் சதுரத்தில் வைத்தார். இரண்டும் இல்லை. நானும் ஊசியும் நேற்றிலிருந்து கிடந்த இடம், துணியைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கே தெரியவில்லை.

"வெட்டவும் தெரியல்ல, வெட்டின எடமும் தெரியல்ல," என்றாள் ஒருத்தி.

அவரும் சிரித்தார். தலையை ஆட்டிக்கொண்டு, "மாயமால்ல இருக்கு," என்று என் முதுகில் தட்டினார். பிழைத்துவிட்டோம் என்கிற சிரிப்பு. அவர் மனைவிகூடப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கூரியருக்கு முன் கொச்சிக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்ப வேண்டும். கயிற்றில் போட்டால் நடுவில் மடிப்பு விழும் என்று முதலாளி ஆளைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடிக்கிறேன் என்றேன்.

"நீ குட்டை. கீழ மண்ணுல இழையும். அவரு நிக்கட்டும்."

முற்றத்தில் வெள்ளை அடித்த சுவர் முன்னால் வலைக்காரர் நின்றார். போர்வையின் மேல் முனைகள் இரண்டையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். இடது கை ஏறியது. வலது கை காதோடு நின்றது.

"ஒரு சைடு சரியுது. பொக்கிப் பிடியும்."

இன்னும் மேலே தூக்கினார். தோளில் ஏதோ சொடுக்கியது, எனக்குக் கேட்டது. இப்போது முகம், மார்பு எல்லாம் போர்வைக்குப் பின்னால். கீழே முழங்காலும் பாதமும் மட்டும் தெரிந்தன.

"இன்னும் கொஞ்சம். ஆ, அப்பிடியே. அசையாண்டாம்."

முதலாளி போனைச் சாய்த்து, நிமிர்த்தி, பக்கத்தில் போய், தள்ளி வந்து எடுத்தார். மேகம் விலகட்டும் என்று காத்திருந்தார். போர்வையின் வலது ஓரம் நடுங்கத் தொடங்கியது. "காத்தா அடிக்கு?" என்று கேட்டார். காற்று இல்லை. ஒருவரும் சொல்லவில்லை. மறுபடி எடுத்தார். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"காலு தெரியுது. செரி, கட் பண்ணிக்கலாம்."

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம் சொன்னார்: "நாளையிலேருந்து நீ மட்டும் வந்தாப் போதும்."

"அக்கா, போர்வ சரியாயிட்டுல்லா?"

"சரியாக்கினது இவன். இவரு என்ன செய்தாரு? இன்னைக்கு இதுல வெட்டினவரு நாளைக்கு ஆர்டர்ல வெட்டுவாரு. வருஷம் முழுக்க வேல வரப்போவுது. ஒவ்வொண்ணா இவன் இருந்து மூடிக்கிட்டு இருப்பானா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நேத்து இருக்கட்டும்னு சொன்னீங்கல்லா," என்றேன் முதலாளியிடம்.

"பேசலாம்னு சொன்னேன். பேசியாச்சு." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. போனில் எதையோ எழுதி அனுப்பிவிட்டு, "போர்வைய மடிச்சுக் கவர்ல போடுங்க, வண்டி வரும்," என்று உள்ளே போனார்.

இதெல்லாம் அவருக்கு ஐந்தடி தள்ளித்தான் நடந்தது. போர்வை அப்படியே தூக்கியபடி இருந்தது. வலது ஓரம் மட்டும் துடித்தது. பாதங்கள் நகரவில்லை. இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும், இறக்கினால் அவருடைய முகம் தெரியும்.

துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எடுத்தாச்சா?"

பெண்கள் ஒவ்வொருவராக மிஷினுக்குப் போனார்கள். நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. விரல்கள் விறைத்துப் போயிருந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"எடுத்தாச்சு," என்றாள் அவர் மனைவி. "மருமகன் சாயங்காலம் கோழி வண்டியோட குளச்சலுக்கு வருவான். நான் போன் பண்ணிச் சொல்லுகேன். வீட்டுல போய்ச் சட்டைய மாத்திக்கிட்டு ரோட்டுல வந்து நில்லும்."

அவர் வலது கையைத் தொங்கவிட முடியாமல், மடக்கவும் முடியாமல், பாதி தூக்கியபடியே முற்றத்தைத் தாண்டிப் போனார். நான் போர்வையை மடித்துக் கவரில் போட்டேன். கொச்சிக்காரர்களுக்குப் பிடித்திருந்தது. வேலை வந்தது.